முன்மொழிந்தவர்

டீச்சர் வீடு இதேதான். வாப்பா. ஆனா டீச்சர் இல்லையே, இப்பத்தான் கிளம்பிப் போனா. வர இருட்டிரும். யாரு நீ, அவகிட்டப் படிச்ச பையனா? எந்தத் தெரு? ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமா, காலனியா? சரி சரி. இப்ப எங்க இருக்க? ஓசூரா? கம்பெனில என்னவா இருக்க? இன்ஜினியரா! அடடே. ஏன் தம்பி நிக்கிறீங்க, உக்காருங்க. அந்த சேர் வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

பத்திரிகை கொண்டு வந்தீங்களாக்கும். புதுமனை புகுவிழா. நல்லது, நல்லது. சொந்தமா வீடு கட்டுறது லேசுப்பட்ட காரியமா? எங்கிட்ட வேணா குடுங்க, நான் குடுத்திர்றேன். இல்ல, டீச்சர் கையிலதான் குடுக்கணுமா? அதுவும் சரிதான். படிச்சது அவகிட்ட. நான் யாரு, டீச்சர் வீட்டுக்காரர், அவ்வளவுதானே. இந்த ஊர்ல பஜார்ல பேப்பர் கடை வச்சிருக்கிற தங்கப்பழம்னு கேட்டா நாலு பேருக்குத் தெரியாது. டீச்சர் வீட்டுக்காரர்னாத்தான் தெரியும். அதுல எனக்கு வருத்தம் கெடையாது.

காப்பி போடுறேன், குடிங்க. எனக்கு இப்ப காப்பி போட வரும். பழகிக்கிட்டேன்.

ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. இங்க வரணும்னு சொன்னப்ப ஒங்க அம்மா என்ன சொன்னாங்க? அந்த டீச்சர் வீட்டுக்கு எதுக்குப் பத்திரிகைன்னு சொல்லியிருப்பாங்களே. இல்லன்னு சொல்லாதீங்க, சொல்லியிருப்பாங்க. காலனில என்ன பேச்சுன்னு எனக்குத் தெரியும். மக கல்யாணம் முடியணும்னு பள்ளிக்கூடத்த விட்டுக் குடுத்துட்டா, ஏழைப் பிள்ளைங்கள நட்டாத்துல விட்டுட்டா, அதானே? இருந்தும் நீங்க வந்திருக்கீங்க பாருங்க. நல்ல மனசு.

அது அப்படி இல்ல தம்பி. நடந்தது வேற. நீங்க வெளியூர்ல இருக்கிறவரு, ஒங்களுக்குச் சொன்னா என்ன. உள்ளூர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா அது பத்து வார்த்தையாப் போய்ச் சேரும்.

நம்ம ஸ்கூல் எங்க உறவின்முறைச் சங்கத்துக்குச் சொந்தம், அது ஒங்களுக்குத் தெரியும். எங்க ஆளுங்க கட்டினது, எல்லாப் பிள்ளைங்களும் படிச்சது. அதுக்கு ஒரு கமிட்டி. கமிட்டி வைக்கிறதுதான் சட்டம். டீச்சர் ரிட்டையர் ஆன அடுத்த வருஷம் கமிட்டில ஒரு பேச்சு கிளம்புச்சு. தமிழ் மீடியத்த மூடிரணும், மொத்தக் கட்டடத்தையும் மெட்ரிக் ஆக்கிரணும்னு. அதுக்கு நம்ம செகரட்டரி தனுஷ்கோடி அண்ணாச்சி முன்ன நின்னாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது தம்பி. எங்க ஆளுங்க பிள்ளைங்க எல்லாம் இங்கிலீஷ் வேணும்னு வேன் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகுது. நம்ம கட்டடத்துல நம்ம பிள்ளைங்க இல்லாம, கேட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து... சரி, அத விடுங்க.

கமிட்டில பாதிப் பேரு மூடணும்னாங்க. பாதிப் பேரு கூடாதுன்னாங்க. இந்தப் பக்கம் ஒரு ஆள் கூடினா தமிழ் மீடியம் தப்பிச்சிரும். அந்த நேரத்துலதான் தேர்தல் வந்துச்சு. அதுலயும் அந்தத் தடவைதான் சங்கத்துச் சட்டத்தைத் திருத்தி, பொம்பளைங்களுக்கும் ஓட்டு உண்டு, அவங்களும் நிக்கலாம்னு கொண்டு வந்திருந்தாங்க. அதுக்கு முந்தி குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. வீட்டு ஆம்பள போய்ப் போட்டுட்டு வந்திருவான்.

ஒருநாள் சாயங்காலம் கடைய சாத்திட்டு வந்து சாப்பிட உக்காந்திருக்கேன். தோசைய வச்சிக்கிட்டே கேக்குறா. "ஏங்க, நான் கமிட்டிக்கு நிக்கட்டுமா?"

நான் சிரிச்சிட்டேன். எனக்கு வேடிக்கையா இருந்துச்சு. ஒரு வீட்ல போய்க் கடன் கேக்கத் தெரியாதவ, ஓட்டுக் கேக்கப் போறாளாம். "ஒனக்கு எதுக்கு சொர்ணம் இந்த வேலை? பென்ஷன் வருது, நிம்மதியா இரு"ன்னேன்.

"என் கிளாஸ மூடிருவாங்களாங்க"ன்னா. தமிழ் மீடியம்னு சொல்லல பாருங்க. என் கிளாஸ்னா. ரிட்டையர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு, அவளுக்கு என்ன கிளாஸ்? "அந்தப் பிள்ளைங்க எங்க போகும்? பைபாஸ் தாண்டி கவர்மெண்ட் ஸ்கூலுக்கு அந்தச் சின்னது எல்லாம் நடந்து போகுமா? பொட்டப் பிள்ளைங்கள நிப்பாட்டிருவாங்க"ன்னா.

சரி, நில்லுன்னுட்டேன். நான் தடுக்கல தம்பி, அத நீங்க கவனிக்கணும். வேற ஆம்பளையா இருந்தா வீட்டுக்குள்ளயே முடிச்சு விட்டிருப்பான். நான் சரின்னேன்.

அப்புறம் சொல்றா, "முன்மொழிய ஒரு ஆள் கையெழுத்துப் போடணுமாம். நீங்க போடுங்க."

"வேற பெரிய மனுஷன் யாரையாவது கேளு, மதிப்பா இருக்கும்"னேன்.

"வேற யாருகிட்டப் போய் நான் கேக்க? எனக்கு நீங்க போட்டாப் போதும்"னா.

சங்கத்துல போய் மனு குடுத்தோம். கிளார்க் சத்தமா வாசிச்சான். வேட்பாளர் சொர்ணம், ஓய்வு பெற்ற ஆசிரியை. முன்மொழிபவர் தங்கப்பழம். அங்க உக்காந்திருந்த நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

அவ ஓட்டுக் கேட்டத நீங்க பாத்திருக்கணுமே. மேடை இல்ல, மைக் இல்ல. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு, வீட்டு வேலையெல்லாம் ஓஞ்சு பொம்பளைங்க உக்காந்திருப்பாங்கல்ல, அந்த நேரமாப் பாத்துப் போவா. மொதல் ரெண்டு மூணு நாள் நானும் கூடப் போனேன். ஒரு வீட்ல அந்த வீட்டுக்காரன் வாசல்லயே நின்னுக்கிட்டு, "பொம்பளைங்களுக்கு எதுக்கு டீச்சர் கமிட்டியெல்லாம், வம்பு புடிச்ச இடம்"னான். அவ அவனையே பாத்தா. "ஏல செந்தில், மூணாங்கிளாஸ்ல வயித்து வலின்னு அழுதப்ப ஒன்னய வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தது யாரு? அப்பவும் இந்த வாசல்லதான் வந்து நின்னேன். உள்ள வரச் சொல்லு"ன்னா. அவனுக்கு முகமே இல்ல. உள்ள இருந்து அவன் பொண்டாட்டி சிரிச்சுக்கிட்டே ஓடி வந்து பாய் விரிச்சுப் போட்டா.

ஊர்ல பாதிப் பேரு அவகிட்டப் படிச்சவங்கதானே. கட்டிக் குடுத்துப் போன பிள்ளைங்களுக்கும் போன் போட்டா. ஓட்டு இங்க இருந்துச்சுன்னா வந்து போட்டுட்டுப் போன்னு. தூத்துக்குடில ஒருத்தி, திருப்பூர்ல ஒருத்தி, மதுரைல ஒருத்தி. எல்லாரும் வாரேன் டீச்சர்னாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. போன்ல யாரும் வாரேன்னுதான் சொல்லுவாங்க.

இந்தாங்க, காப்பி. சீனி போதுமா?

இதுக்கு நடுவுல எங்க உமா விஷயம். உமா எங்களுக்கு ஒரே மக. அவளுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது, ஒண்ணும் அமையல. வர்றவங்க ஜாதகம் பொருந்தலன்னு போவாங்க, இல்ல பொண்ணு கறுப்புன்னு போவாங்க. வெளிய சொல்ல மாட்டாங்க, அதான் காரணம். டீச்சர் கவலைப்படுற மாதிரி காட்டிக்க மாட்டா. நான்தான் கவலைப்பட்டேன். ஒரு தகப்பனுக்கு இருக்கிறது ஒங்களுக்கு இப்பப் புரியாது. ஒங்களுக்கு ஒரு மக பிறந்து வளரட்டும், அப்பத் தெரியும். அப்பத்தான் மதுரைல இருந்து ஒரு இடம் வந்துச்சு. நல்ல பையன், நல்ல குடும்பம், சொந்தமா பிரஸ் வச்சிருக்காங்க. அவங்களே பொண்ணப் பாத்துட்டுப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. நிச்சயத்துக்கு நாள் குறிக்கிறதுதான் பாக்கி. அந்தப் பையன் யாருன்னு நினைக்கிறீங்க? தனுஷ்கோடி அண்ணாச்சியோட சொந்தத் தங்கச்சி மகன்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணாச்சி கடைக்கு வந்தாரு. அவரு நம்ம கடைக்கு வர்ற ஆளே இல்ல. வந்து உக்காந்து, ரெண்டு நோட்டுப் புஸ்தகத்த எடுத்துப் புரட்டிப் பாத்தாரு.

"டீச்சர் ரொம்ப அலையிறாங்க போல, தங்கப்பழம்"ன்னாரு.

"ஆமா அண்ணாச்சி. ஒரு ஆசை. சொன்னாக் கேக்க மாட்டேங்கிறா."

"நல்லவங்க. அவங்கள நான் தப்பாச் சொல்லவே மாட்டேன். ஆனா தங்கச்சி நேத்து போன் பண்ணுச்சு. சம்பந்தம் வைக்கப் போற இடத்துல அண்ணனுக்கு எதிரா நிக்கிறாங்களாமே, நாளைக்கு நம்ம வீட்டுக்கு வர்ற பொண்ணும் அப்படித்தான் இருக்குமோன்னு கேக்குது. நான் சொல்லிட்டேன், அதெல்லாம் ஒண்ணுமில்லம்மான்னு. இருந்தாலும் பொம்பளைங்க மனசு."

அதுக்கு மேல அவரு ஒண்ணுமே சொல்லல தம்பி. எந்திரிச்சாரு. போகும்போது மட்டும், "மனு வாபஸ் வாங்க நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. வேட்பாளர்தான் வரணும்னு இல்ல, முன்மொழிஞ்சவரு வந்தாலும் போதும்னு சட்டத்துல இருக்கு. சும்மா தகவலுக்குச் சொன்னேன்"னாரு. மிரட்டினாருன்னு சொன்னா நாக்கு அழுகிரும். அவ்வளவு தன்மையாத்தான் பேசினாரு.

அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். ஒரு பக்கம் பாத்தா இவ எப்படியும் தோத்திருவா. எங்க ஊர்ல பொம்பளைக்கு யாரு ஓட்டுப் போடப் போறா? தோத்து, நாலு பேரு சிரிச்சு, அதோட மக கல்யாணமும் நின்னு போனா? அந்த அவமானத்த அவ தாங்குவாளா? நான் அவளுக்காகத்தான் யோசிச்சேன். அவமானத்துல இருந்து அவளக் காப்பாத்தணும்னுதான் யோசிச்சேன்.

மறுநாள் சங்கத்துக்குப் போனேன். யாரும் என் கையப் புடிச்சு இழுக்கல. பேனா கூட என் சட்டைப் பைல இருந்த பேனாதான். போட்டுட்டு வந்துட்டேன்.

அவகிட்டச் சொல்லியிருக்கணும்னு சொல்லுவீங்க. சொல்லத்தான் இருந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் அவ வந்தா பாருங்க, தொண்டை கட்டிப் போய், குரலே இல்ல. கால் ரெண்டும் வீங்கியிருந்துச்சு. ஆனா முகத்துல ஒரு இது. அவள அப்படி நான் கல்யாணமான புதுசுல பாத்தது. "ஏங்க, மேலத்தெரு முழுக்க முடிச்சிட்டேன். தாழம்மா இருக்கால்ல, அவ புருஷனுக்குத் தெரியாம எனக்குத்தான் போடுவாளாம்"னு அந்தக் கட்டக் குரல்ல சொல்லிச் சிரிக்கிறா. நான் என்ன செய்ய? பால்ல மிளகும் மஞ்சளும் போட்டுக் குடுத்தேன். வாங்கிக் குடிச்சா. நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். மறுநாளும் அவ போயிட்டா. அதுக்கு மறுநாளும் போயிட்டா. எந்த நேரத்துல சொல்ல? வீட்ல இருந்தாத்தானே சொல்ல முடியும்.

அண்ணாச்சியும் யாருகிட்டயும் சொல்லல. போர்டுல ஒட்டுவாங்கன்னு நினைச்சேன், ஒட்டல. ஒட்டியிருந்தா அவளே பாத்திருப்பா, எனக்கும் பாடு இல்லாமப் போயிருக்கும்.

தேர்தல் அன்னைக்குக் காலைல குளிச்சு, ரிட்டையர்மெண்டுக்கு ஸ்கூல் பிள்ளைங்க எடுத்துக் குடுத்த சேலையக் கட்டிக்கிட்டா. சாமி கும்பிட்டா. "கிளம்புவோமா"ன்னா. வயித்துக் கடுப்புன்னு சொல்லிப் பாத்தேன். "நீங்க இல்லாம எப்படி, முன்மொழிஞ்சவரு நீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா. தெருவுல எல்லாரும் பாக்குறாங்க. அவ என் கையப் புடிச்சு ரோட்டுல நடந்தது அந்த ஒருநாள்தான்.

ஸ்கூல் வாசலுக்குப் போனா, தம்பி, பொம்பளைங்க. வரிசை ஹால்ல இருந்து வேப்பமரம் வரைக்கும் நிக்குது. கைப்பிள்ளையோட நிக்கிறாங்க. பஸ்ல இருந்து எறங்கி நேரா வந்தவங்க பையோட நிக்கிறாங்க. திருப்பூர்க்காரி வந்திருந்தா. தூத்துக்குடிக்காரி வந்திருந்தா. நான் நினைக்கவே இல்ல. இவ்வளவு பேரு வருவாங்கன்னு யாரு கண்டா? அண்ணாச்சி கண்டிருக்காரு. அதான் கடைக்கு வந்திருக்காரு. எனக்கு அதெல்லாம் அப்புறந்தான் தோணுச்சு.

இவளப் பாத்ததும் டீச்சர் டீச்சர்னு ஒரே சத்தம். இவளும் ஒவ்வொருத்தியாப் பேர் சொல்லி விசாரிச்சுக்கிட்டே போறா. அப்ப உள்ள இருந்து ஒருத்தி வெளிய வந்தா. அவதான் வரிசைல மொத ஆளு. கைல ஓட்டுச் சீட்டு.

"டீச்சர், இதுல ஒங்க பேரு இல்லையே"ன்னா.

இவ வாங்கிப் பாத்தா. திருப்பிப் பாத்தா. "அச்சுல விட்டுப் போச்சு போல, இரு கேக்குறேன்"னு சொல்லிட்டு உள்ள போனா. தேர்தல் நடத்துறதுக்குன்னு ஒரு ரிட்டையர்டு பேங்க் மேனேஜரப் போட்டிருந்தாங்க. நல்ல மனுஷன். ஃபைல்ல இருந்து ஒரு தாளை எடுத்து மேசைல இவ பக்கமாத் திருப்பி வச்சாரு.

நான் கதவுகிட்ட நின்னேன். அவ அந்தத் தாளைக் குனிஞ்சு பாத்தா. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தா. என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? திரும்பி என்னைத் தேடுவான்னு நினைச்சேன். ஏசுவான்னு நினைச்சேன். நானும் பதில் சொல்ல ரெடியாத்தான் இருந்தேன். உமாவுக்காகத்தான்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வச்சிருந்தேன். அவ திரும்பவே இல்ல. அந்தத் தாளை முன்ன மடிச்சிருந்த மாதிரியே மடிச்சு அவருகிட்டக் குடுத்துட்டு வெளிய வந்தா.

வெளிய அத்தனை பேரும் இவ முகத்தையே பாக்குறாங்க.

"நான்தாம்மா வாபஸ் வாங்கிட்டேன்"னா. "ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கங்க."

கைப்பிள்ளை ஒண்ணு மட்டும் அழுதுச்சு. அப்புறம் திருப்பூர்க்காரி கேட்டா. அவ மேல இவளுக்கு உசுரு. "அப்ப எங்கள எதுக்கு டீச்சர் வரச் சொன்னீங்க?"ன்னா. கோவமாக் கூடக் கேக்கல. தாழம்மாதான், யாருகிட்டயோ சொல்ற மாதிரி, "செகரட்டரி வீட்டுல சம்பந்தம் பேசியிருக்காங்கல்ல"ன்னா. அவ்வளவுதான். வரிசை கலைஞ்சு போச்சு. பாதிப் பேரு ஓட்டே போடாமப் போயிட்டாங்க.

அவ ஏன் அப்படிச் சொன்னான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. நான் செஞ்சேன்னு அவ சொல்லியிருக்கலாம். சொல்லல. ஒரு வகைல அது நல்லதுக்குத்தான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒத்துமை இல்லன்னு ஊர் பேசியிருக்கும். அது நிச்சயத்துக்கு ஆகாது. படிச்சவ, அதையெல்லாம் யோசிச்சிருப்பா.

வீட்டுக்கு வந்தோம். அவ முன்ன, நான் பின்ன. சேலைய மாத்திட்டு அரிசி களைஞ்சு உலை வச்சா. நான் பக்கத்துல போய் நின்னேன். "சொர்ணம், உமாவுக்காகத்தான்..."னு ஆரம்பிச்சேன். அவ அடுப்பப் பாத்துக்கிட்டே, "உமாவுக்கு இது தெரிய வேண்டாம்"னா. அதுக்கப்புறம் அதப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு தம்பி. மதுரைல பெரிய மண்டபம். டீச்சர் எல்லாரையும் சிரிச்சு வரவேற்றா. ஒரு குறை வைக்கல. எங்க ஊர்ல இருந்துதான் பொம்பளைங்க கம்மியா வந்தாங்க. உமா நல்லா இருக்கா. மாப்பிள்ளை தங்கம். பேத்தி பிறந்திருக்கா, அடுத்த மாசம் பேரு வைக்கிறாங்க. நான் செஞ்சது தப்புன்னா உமா இப்படி இருப்பாளா? நீங்களே சொல்லுங்க. நீங்க என்ன சொல்லப் போறீங்க, வந்த இடத்துல.

அந்த ஜூன்லயே தமிழ் மீடியத்த மூடிட்டாங்க. பிள்ளைங்களுக்கு டி.சி. குடுத்து அனுப்புனாங்க. கொஞ்சம் பைபாஸ் தாண்டி கவர்மெண்ட் ஸ்கூலுக்குப் போச்சு. கொஞ்சம் எங்கயும் போகல. ஒங்க தெருவுல கருப்பசாமி மக முத்துமாரி இருக்கால்ல? இவகிட்டக் கடைசியாப் படிச்ச செட்டு. நல்லாப் படிக்கும் அந்தப் பிள்ளை. ஆத்தாளும் அப்பனும் பட்டாசு ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போயிருவாங்க, தம்பியப் பாத்துக்கணும்னு வீட்ல நிறுத்திட்டாங்க. அத யாரோ பஜார்ல வச்சு டீச்சர்கிட்டச் சொல்லியிருக்காங்க. சும்மா சொல்லல, குத்திக் காட்டித்தான் சொல்லியிருக்காங்க.

மறுநாள் சாயங்காலம் சாக்பீஸ் டப்பாவ எடுத்துப் பைல போட்டுக்கிட்டுக் கிளம்பினா. எங்கன்னு கேட்டேன். "காலனிக்கு"ன்னா. ஒங்க காலனிச் சாவடி இருக்குல்ல, அதுல போய் உக்காந்திருக்கா. ஒரு பிள்ளை வரல. யாரு அனுப்புவா? வித்துட்டுப் போன டீச்சர்னுல்ல பேரு. கதவச் சாத்தினாங்களாம். யாரோ ஒரு அம்மா, ஒங்க அம்மாவா இருக்காது, வேற யாரோ, "இங்க யாரு ஓட்டுக்கு வந்திருக்கீங்க?"ன்னு கேட்டாங்களாம். எனக்கு இதெல்லாம் பால்காரன் சொல்லித்தான் தெரியும். நான் சத்தம் போட்டேன். நம்ம வீட்டுப் பொம்பளை அங்க போய் நாய் மாதிரி உக்காந்திருக்கணுமான்னு. தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, ஒங்க தெருவச் சொல்லல. அவ நிலைமையச் சொன்னேன். அவ காதுல வாங்கல. மறுநாளும் போனா. தினம் போனா. மழைல போனா. சும்மா உக்காந்திருந்துட்டு வருவா.

அப்புறம் ஒருநாள் அந்த முத்துமாரி, தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டு வந்து முன்னால உக்காந்திருச்சாம். அது ஒண்ணுதான் ரொம்ப நாளைக்கு. இப்பப் பரவாயில்ல, கொஞ்சம் பிள்ளைங்க வருதுன்னு பால்காரன் சொல்றான். ஒங்க அம்மா மாதிரி இருக்கிறவங்களுக்கு இன்னும் மனசு ஆறல. அதுவும் நியாயந்தான்.

ஒங்க முகத்தப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு. இத அங்க போய்ச் சொல்லிராதீங்க. ஒங்க அம்மாகிட்டக் கூட வேணாம். ஒங்களுக்குச் சொல்லணும்னுதான் தோணும், டீச்சர் பேருக்காகவாவது சொல்லணும்னு. வேணாம் தம்பி. பேரு வைக்கிற நேரம். சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போனா உமா வாழ்க்கைல ஒரு சொல் வந்திரும். அவளே சொல்லாதப்ப நாம எதுக்குச் சொல்லணும்? அவ மேல ஒரு பழி இருக்கு, இருந்துட்டுப் போகுது. அவ தாங்கிக்குவா. அவ நல்ல பொம்பளை.

எனக்கு ஒரே ஒரு குறைதான். வீட்ல பேச மாட்டேங்கிறா. சண்டை கெடையாது. சாப்பாடு வைக்கிறா, துணி துவைக்கிறா, எனக்குக் காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறா. "கேஸ் தீந்திருச்சு" அப்படிம்பா. "கரண்ட் பில் வந்திருக்கு" அப்படிம்பா. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. முந்தி எல்லாம் அப்படியா? ஸ்கூல் விட்டு வந்து உக்காந்தா வாய் ஓயாது. இன்னைக்கு இந்தப் பிள்ளை பல்லு விழுந்ததக் கைல வச்சுக்கிட்டு அழுதுச்சு, அந்தப் பிள்ளை கணக்குல எனக்கே தப்பு கண்டுபிடிச்சுருச்சு, இன்னொண்ணு தூங்கிக் கீழ விழுந்திருச்சு. இத்தனை வருஷமும் நான் பேப்பரப் படிச்சுக்கிட்டே உம் உம்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். பாதி காதுல விழாது. பிள்ளைங்க பேரு எதுவும் எனக்கு நிக்காது. ஒங்களப் பத்திக் கூடச் சொல்லியிருப்பா. என்ன சொன்னாளோ, எனக்கு ஞாபகம் இல்ல.

எந்திரிச்சிட்டீங்களா? ஆமா, இருட்டுறதுக்குள்ள போனா சாவடிலயே அவளப் பாத்திரலாம். பத்திரிகைய அங்கேயே குடுங்க. இங்க வந்தத வேணா சொல்லுங்க, காப்பி குடிச்சேன்னு மட்டும் சொல்லுங்க.

தம்பி, ஒரு நிமிஷம். ஒங்க நம்பரக் குடுங்க. இல்ல, நீங்க என் நம்பர எழுதிக்கங்க. இன்னைக்கு அவகிட்டப் பேசிட்டு, வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு போன் போடுவீங்களா? என்னைப் பத்தி என்ன சொன்னான்னு கேக்கல. அது வேணாம். பிள்ளைங்கள வச்சு ஏதாவது சொல்லுவாளே. இன்னைக்கு எந்தப் பிள்ளை என்ன செஞ்சது, எது சிரிச்சது, எது அழுதது. அத மட்டும் கேட்டு வச்சுக்கிட்டு எனக்குச் சொல்லுங்க. பேரோட சொல்லுங்க. கடைய சாத்திட்டு நான் முழிச்சுத்தான் இருப்பேன்.